பல்லாவரம் சந்தையில் பொறந்த செட்டிநாட்டுத் தண்டை

மக்களே, பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆணி புடுங்கியே காலம் போகுது. இன்னிக்கு எழுத வெச்சது ஒரு கோவம். ஆறிட்டா எழுத மாட்டேன்னு என்னைப் பத்தி எனக்கே தெரியும், அதனால சூடா இருக்கும்போதே தட்டிடறேன். பதிவு கொஞ்சம் நீளம். வேலை இருக்கறவங்க அப்பாலிக்கா வந்து படிங்க.

நான் பல்லாவரத்துக்காரன். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. எங்க ஊர்ல வெள்ளிக்கிழமைன்னா சந்தை. பழைய டிரங்க் ரோட்டுல கூடும். செடி, கோழிக்குஞ்சு, மீன் தொட்டி, ஓடாத தையல் மிஷின், பித்தளைப் பூட்டு, ஒத்தைச் செருப்பு, யார் வீட்டுக் கல்யாண போட்டோவோ ஃபிரேமோட... உலகத்துல வேண்டாம்னு தூக்கிப் போட்டது எல்லாம் அங்க வரும். ரெண்டு மீட்டிங்குக்கு நடுவுல ஒரு மணி நேரம் கிடைச்சா நான் அங்க தான் இருப்பேன்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. தார்ப்பாய் விரிச்சு பழைய சாமான் போட்டிருந்த ஒரு அண்ணன்கிட்ட, துருப்பிடிச்ச சாவிக்கொத்துக்கு நடுவுல ஒத்தைத் தண்டை ஒண்ணு கிடந்துச்சு. கறுத்துப் போன வெள்ளி. ரெண்டு முனையிலயும் தாமரை மொக்கு. ஒரு பக்கம் திருகு. முத்திரை, எழுத்து, எண் எதுவும் கிடையாது. பார்த்ததும் எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்னு ஓடுச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

"அண்ணே, இது எங்க கிடைச்சது?"

"செட்டிநாடு சார். காரைக்குடி பங்களாவுல எடுத்தது. நூத்தம்பது வருசம்."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"பாத்தாலே தெரியும் சார்."

நான் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, செட்டிநாட்டு வேலை மாதிரி தெரியலையேன்னு சும்மா ஒரு பிட்டைப் போட்டேன். அவர் அசரவே இல்லை. "அப்ப ராஜஸ்தானா இருக்கும் சார். உங்களுக்கு எது வேணும்?"

சத்தியமா இதைத்தான் கேட்டார். உங்களுக்கு எது வேணும்!

அன்னிக்கு ராத்திரி இன்ஸ்டாகிராம்ல பழைய வெள்ளி விக்கற ஒரு பக்கத்துல அச்சு அசலா இதே மாதிரி ஒரு ஜோடி. மஞ்சள் வெளிச்சம், பின்னாடி ஓலைச்சுவடி, பக்கத்துல ரெண்டு மல்லிப்பூ. தலைப்பு: "அரிய டோடா பழங்குடி ஆபரணம்". விலை சந்தை விலை மாதிரி ஒம்போது மடங்கு. ஆக ஒரே நாள்ல, ஒரே மாதிரி தண்டைக்கு மூணு ஊர். பிறப்புச் சான்றிதழ் வாங்க நாம தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடக்கறோம்? வெள்ளிக்கு மட்டும் எவ்வளவு ஈசியா கிடைக்குது பாருங்க :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க ஆயாவுக்கு மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமம். ஆயாவோட அம்மா கல்யாணத்துக்கு, அவங்க அப்பா, அதாவது ஆயாவோட தாத்தா, இருபத்துநாலு ரூபாக் காசை உருக்கி ஒரு ஜோடி தண்டை பண்ணிப் போட்டாராம். ராஜா தலை போட்ட காசு. வீட்டு வாசல்லயே பத்தர் குந்திக்கிட்டு ஊதி, தட்டி, காலுக்கு அளவு பார்த்துச் செஞ்சதா ஆயா சொல்லும். கூலி வேலை செஞ்ச குடும்பம். அந்தக் காசைச் சேர்க்க எத்தனை அறுப்பு ஆச்சோ. அப்புறம் அந்த ஜோடி ஆயாவுக்கு வந்துச்சு. 1982-ல எங்கம்மாவுக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு தண்டை அடகுக் கடைக்குப் போச்சு. வட்டி கட்ட முடியலை. மூழ்கிப் போச்சு. இன்னொண்ணு இன்னும் எங்க வீட்டு பீரோவுல, பழைய வேட்டித் துணியில சுத்தி இருக்கு. முனையில தாமரை மொக்கு.

இப்பப் புரியுதா நெஞ்சு ஏன் நின்னுச்சுன்னு? மூழ்கின வெள்ளி நாப்பது வருஷம் உருக்காம இருந்து, மதுராந்தகத்துலேருந்து பல்லாவரம் வரைக்கும் வந்து, வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு என் கண்ணுல படறதுக்கு என்ன சான்ஸ்? பொட்டி தட்டறவன், எனக்குக் கணக்குத் தெரியும். ஆனா கணக்குத் தெரிஞ்ச அதே கை தான் பர்ஸை எடுத்துச்சு. வாங்கிட்டேன்.

இதுல ஒரு பாவமன்னிப்பு பாக்கி. மூணு வருஷம் முன்னாடி இதே வலைப்பூவுல நானே ஒரு காப்பு போட்டோ போட்டு "செட்டிநாட்டுக் காப்பு"ன்னு பதிவு எழுதியிருக்கேன். ஆதாரம்? கடைக்காரர் சொன்னார். அந்த ஜல்லியை அடிச்சவன்ல நானும் ஒருத்தன். தலைப்பை மாத்திட்டேன். அதனால கீழே வர்ற திட்டுல கொஞ்சம் எனக்கும் உண்டு.

இப்ப மேட்டருக்கு வருவோம்.

முத்திரை இல்லாத நகை எங்கே பொறந்ததுன்னு "பார்த்தாலே" சொல்ற ஆளுங்களைத் தமிழ்நாடு ரெண்டாயிரம் வருஷமா பார்த்துட்டு இருக்கு. சிலப்பதிகாரத்துல பொற்கொல்லன் பண்ணது என்ன? கோவலன் கையில இருந்த ஒத்தைச் சிலம்பைப் பார்த்தான், அரண்மனைச் சரக்குன்னு சொன்னான். ராஜா நம்பினான். தலை போச்சு. கண்ணகி வந்து என்ன கேட்டா? உள்ளே என்ன பரல் இருக்குன்னு கேட்டா. ராணியோடதுல முத்து, அவளோடதுல மாணிக்கம். உடைச்சுக் காட்டினா. கதையைப் பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கின நாம, கடைக்குப் போனா மட்டும் பொற்கொல்லன் கட்சி.

"எந்த ஊர் நகை"ங்கற கேள்விக்குள்ள மூணு கேள்வி இருக்கு. செஞ்ச ஊர் எது? போட்ட ஊர் எது? கிடைச்ச ஊர் எது? மூணும் ஒண்ணா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

"டோடா வெள்ளி"யை எடுத்துக்குங்க. தோடர்கள் நீலகிரியில எருமை வளர்த்தவங்க. கொல்லு வேலை, வெள்ளி வேலை, மண்பாண்டம் எல்லாம் செஞ்சவங்க பக்கத்துல இருந்த கோத்தர்கள். அப்ப தோடர் பொண்ணு போட்ட நகையைச் செஞ்ச கை கோத்தர் கையா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அந்தக் கைக்கு லேபிள்ல இடமே இல்லை.

காரைக்குடியைப் பாருங்க. முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகள்ல எனாமல் கிண்ணம் அடுக்கி வெச்சிருப்பாங்க. திருப்பிப் பார்த்தா ஸ்வீடன்னு அச்சிருக்கும். நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கைன்னு வியாபாரம் பண்ணவங்க. அவங்க வீட்டுல இத்தாலி மார்பிள், பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் உண்டு. அச்சு இருக்கறதால அந்தக் கிண்ணத்தை யாரும் காரைக்குடியில செஞ்சதுன்னு சொல்றதில்லை. அதே பெட்டகத்துல இருந்த வெள்ளிக் காப்புல அச்சு இல்லை, உடனே அது "செட்டிநாட்டுக் கைவினை"! வாயில்லாப் பூச்சி, என்ன பேர் வெச்சாலும் கேட்டுக்கும்.

பல்லாவரமும் அப்படித்தான். வெள்ளைக்காரன் காலத்துலேருந்து கண்டோன்மென்ட். எந்தெந்த ஊர்ப் பட்டாளத்துக்காரங்களோ வந்து போன இடம். பக்கத்துல பரங்கிமலை, ரயில், டிரங்க் ரோடு. இங்கே கிடைச்சதுங்கறதுக்கு ஒரே அர்த்தம், இங்கே கிடைச்சதுங்கறது தான்.

"முத்திரை இல்லைன்னா என்ன, மெஷின்ல வெச்சா தெரிஞ்சுடாதா?"ன்னு நம்ம இன கணினி மக்கள் கேப்பாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். சனிக்கிழமை ரெண்டு தண்டையையும் எடுத்துக்கிட்டு, எக்ஸ்-கதிர் மெஷின் வெச்சிருக்கற ஒரு தெரிஞ்ச நகைக்கடைக்குப் போனேன். எங்க வீட்டுத் தண்டையில மேல்பரப்புல 95 சதவீதம் வெள்ளின்னு காட்டுச்சு. உள்பக்கம் அரத்தால லேசா ராவிட்டு வெச்சா 90.8. ஏன் வித்தியாசம்? பத்தர் கடைசியில நெருப்புல காட்டி, புளித்தண்ணியில வேகவெச்சு வெளுப்பாக்குவார். மேல இருக்கற செம்பு கரைஞ்சு போகும், வெள்ளி மட்டும் தங்கும். மெஷின் பார்க்கறது மேல்தோலை. ராவாம வெச்ச எந்த ரிப்போர்ட்டையும் அப்படியே நம்பாதீங்க.

90.8 சுவாரசியமான எண். 1835-லேருந்து கம்பெனியும் அப்புறம் பிரிட்டிஷ் அரசும் அடிச்ச ரூபாய் ஒவ்வொண்ணும் 11.66 கிராம், அதுல 91.7 சதவீதம் வெள்ளி. 1940-ல அதை 50 சதவீதமாக் குறைச்சுட்டாங்க, 1947-ல வெள்ளியே இல்லாம நிக்கல் ஆயிடுச்சு. பன்னெண்டு ரூபாயோட எடை கிட்டத்தட்ட 140 கிராம். எங்க தண்டை இப்போ 136 கிராம். சேதாரம், தேய்மானம், ஒட்டப் போட்ட பொடி எல்லாம் கழிச்சா ஆயா சொன்ன கதையோட ஒத்துப் போகுது. 1940-க்கு அப்புறம் வந்த காசுல செஞ்சிருந்தா இந்த எண் வந்திருக்காது. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனா பாருங்க, இந்த எண் ஆயா சொன்னதை மறுக்கலை, அவ்வளவுதான். மதுராந்தகம்னு அதுல எழுதியில்லை. ஏன்னா அதே ரூபாய் பெஷாவர்லயும் செல்லுபடி, மதுராந்தகத்துலயும் செல்லுபடி. ரெண்டு ஊர்ப் பத்தரும் அதையே உருக்கியிருந்தா மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணு. உருக்கின வெள்ளிக்கு ஊர் ஞாபகம் கிடையாது. மெஷின் தரத்தைச் சொல்லும், சில சமயம் காலத்துக்கு ஒரு வரம்பு சொல்லும், ஊரைச் சொல்லாது.

சந்தைத் தண்டைக்கு உள்பக்கம் 83 வந்துச்சு. திருகு ஒட்டின இடத்துல காட்மியம். அதான், நம்மூர் நகைக்கடை போர்டுல எல்லாம் இருந்துச்சே கேடிஎம்னு, அந்தப் பத்துக்குப் போடற காட்மியம். அது நகை வேலையில புழக்கத்துக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டு சமாச்சாரம். அப்ப தண்டை முழுக்கப் புதுசா? அதுவும் சொல்ல முடியாது. பழைய தண்டையில யாரோ பின்னாடி திருகு வெச்சிருக்கலாம். "நூத்தம்பது வருஷம்" அப்படின்னு சொன்ன வாய்க்கு இந்த "லாம்" தெரியாது.

முத்திரை ஏன் இல்லைங்கறதையும் சொல்லிடறேன். முத்திரை இல்லைன்னா மட்டம்னு ஒரு கூட்டம், முத்திரை இல்லைன்னாலே பழசுன்னு இன்னொரு கூட்டம். ரெண்டுமே தப்பு. இங்கிலாந்துல 1300-லேயே வெள்ளிக்குத் தரம் வெச்சு, முத்திரை குத்தணும்னு சட்டம் போட்டாங்க. நம்ம கிராமத்துப் பத்தருக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. உரைகல்லும் அவர் பேரும்தான் முத்திரை. ஊருக்கே தெரிஞ்சவர், யாருக்குக் காட்ட முத்திரை குத்தணும்? குத்தினது வெள்ளைக்கார துரைங்களுக்கு வித்த கம்பெனிகள்: மவுண்ட் ரோடு பி.ஆர். அண்ட் சன்ஸ், கட்ச் பூஜ் நகரத்துல "ஓ.எம்."னு குத்தின ஊமர்ஸி மாவ்ஜி, இப்படி. இப்போ இந்தியத் தர நிர்ணய அமைவனத்தோட வெள்ளி முத்திரை 2005-ல வந்துச்சு, 2025 செப்டம்பர்லேருந்து ஆறெழுத்து அடையாள எண்ணும் சேர்ந்திருக்கு. அதுவும் தரத்துக்குச் சாட்சி. நகையோட கதைக்குச் சாட்சி இல்லை.

எனக்கு ரொம்பப் பிடிச்ச முத்திரை பிரான்ஸோடது. ஏலத்துக்கு வர்ற, எந்த ஊர்னு தெரியாத வெள்ளிச் சாமானுக்குன்னே 1893-ல ஒரு அன்னப்பறவை முத்திரை கொண்டு வந்தாங்க. "தெரியாது"ங்கறதுக்கு ஒரு அரசாங்கமே முத்திரை அடிக்குது மக்களே! நம்மாளுங்களுக்கு "தெரியாது"ன்னு வாயைத் திறந்து சொல்லவே கூச்சம்.

இன்னொரு கூத்து. இந்த இன்ஸ்டாகிராம் பக்கங்கள்ல "150 வருடப் பழமை, உலகெங்கும் அனுப்பப்படும்"னு ஒரே வரியில போட்டிருப்பாங்க. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேலான கைவினைப் பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்ளூர்ல விக்கறதுக்கே லைசென்ஸ் வேணும். அதனால அந்த ஒரு வரியில ரெண்டுல ஒண்ணு உறுதி. வயசு பொய், இல்லைன்னா ஏற்றுமதி குற்றம். எதுன்னு அவங்களே முடிவு பண்ணிக்கட்டும்.

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்லும்னு பார்ப்போம்.

ஒண்ணு: "வேலைப்பாட்டை வெச்சு ஊர் சொல்ல முடியும்ப்பா, அதுக்கு நிபுணர்கள் இருக்காங்க." இருக்காங்க. ஓப்பி அன்ட்ராக்ட் 1997-ல இந்திய நகைகள் பத்தித் தலையணை சைஸ்ல புஸ்தகம் போட்டார். 1999-ல உஷா பாலகிருஷ்ணனும் மீரா சுஷில் குமாரும் சேர்ந்து ஒண்ணு எழுதினாங்க. ஒழுங்கா ஒப்பிட்டுப் பார்க்கறவங்க, "இந்தப் பகுதியில் அணியப்பட்ட வகையைப் போல"ன்னு எழுதுவாங்க. அந்தப் "போல"வில தான் நேர்மையே இருக்கு. கடைக்காரர் அந்த ரெண்டெழுத்தை மட்டும் வெட்டிட்டு மிச்சத்தை விக்கறார். நான் கேக்கறது அந்த ரெண்டெழுத்தைத் திருப்பிக் குடுங்கன்னு தான்.

ரெண்டு: "சந்தைக்காரன் பொழப்புல ஏன்யா மண்ணள்ளிப் போடறே?" போடலை. தார்ப்பாய் அண்ணன் மேல எனக்குக் கோவமே இல்லை. வர்றவன் எல்லாம் "எந்த ஊர்?"னு கேட்டு, ஊர் சொன்னாத்தான் காசை எடுக்கறான். தெரியாதுன்னு சொன்னா எடைக்குக் கேக்கறான். அவருக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்ததே நாம தான். என் கோவம் படிச்சுட்டு, விளக்கு வெச்சுப் போட்டோ எடுத்து, பொடி வெச்சு ஊதற ஆளுங்க மேல.

மூணு: "அட, ஒரு பேர் தானே, யாருக்கு என்ன நஷ்டம்?" இந்தக் கேள்வி தான் எனக்கு ரத்தக்கொதிப்பு.

நஷ்டம் எங்க ஆயாவுக்கு. கடையில இருக்கற பழைய வெள்ளி பூரா பங்களாவுலேருந்தும் அரண்மனையிலேருந்தும் வந்ததுன்னா, கூலிக்காரங்க காலெல்லாம் வெறுங்காலா? நெசம் நேர்மாறு. தங்கம் வாங்க வக்கில்லாத ஜனத்துக்கு வெள்ளி தான் பேங்க், வெள்ளி தான் இன்சூரன்ஸ். கஷ்டம் வந்தப்ப காலைக் காட்டிக் கழட்டிக் குடுத்தது அவங்க தான். அதனால தான் அடகுக் கடையிலயும் சந்தையிலயும் அவங்க வெள்ளி வந்து விழுது. பணக்காரன் வீட்டு வெள்ளி ஏன் தார்ப்பாய்க்கு வருது?

இன்னும் ஒரு படி மேலே போறேன். வெள்ளி போடறதே ஒரு காலத்துல சண்டை. 1930 டிசம்பர்ல அன்னிக்கு இருந்த ராமநாதபுரம் மாவட்டத்துல ஆதிக்க சாதிக்காரங்க ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டாங்க. முதல் தடையே, தங்கமும் வெள்ளியும் போடக் கூடாது. ஹட்டன் சாதி பத்தி எழுதின புஸ்தகத்துல இது பதிவாகி இருக்கு. காரைக்குடி அப்போ அதே மாவட்டம். அந்தக் காலத்துல அந்த மண்ணுல ஒரு பொண்ணு கால்ல தண்டை போட்டு நடந்திருந்தா, அது அழகுக்குப் போட்டது மட்டும் இல்லை. இன்னிக்கு அதே தண்டை கிடைச்சா அதுக்கு நாம குடுக்கற பேர் "செட்டிநாட்டு பங்களா கலெக்‌ஷன்". அன்னிக்குக் காலைப் பார்த்துக் கழட்டுன்னு சொன்னாங்க. இன்னிக்குக் காலே இல்லைன்னு சொல்றோம். இதுக்குப் பேர் தான் யாருக்கும் நஷ்டமில்லாத பேரா?

மூச்சு வாங்கிக்கறேன்.

ஆயா மாமா வீட்டுக்குப் போயிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துச்சு. கண்ணுல புரை ஆபரேஷன் ஆனதுலேருந்து பார்வை அவ்வளவு சுகமில்லை. நான் ஒண்ணுமே சொல்லாம சந்தைத் தண்டையைக் கையில குடுத்தேன். மனசுக்குள்ள "ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு"ன்னு ஓடுது. மெஷின் ரிப்போர்ட்டு, 83, காட்மியம் எல்லாம் மறந்து போச்சு. கடைக்காரரை விட மோசமான நிலைமையில இருந்தேன். அவருக்காவது காசு தான் வேணும்.

ஆயா கண்ணாலப் பார்க்கவே இல்லை. கட்டை விரலை மொக்கு மேல வெச்சு உருட்டுச்சு.

"இது நம்மளுது இல்லடா."

"எப்படி ஆயா சொல்ற? திருகைப் பார்த்தா? அது அப்புறம் யாராவது வெச்சிருக்கலாம்."

"திருகு கெடக்கட்டும். நம்மளுதுல மொக்குக்கு ஏழு எதழு. இதுல எட்டு இருக்குது. எங்கம்மா மடியில படுத்துக்கினு அதைத் தொட்டுத் தொட்டுத்தான் நான் எண்ணக் கத்துக்கினேன். ரெண்டு கால்லயும் ஏழு தான்."

பீரோவுலேருந்து எங்க வீட்டுத் தண்டையை எடுத்துட்டு வந்து எண்ணினேன். ஏழு. சந்தைத் தண்டையில எட்டு. பொறந்ததுலேருந்து நான் பார்த்துட்டு இருக்கற தண்டை. ஆயிரம் வரி கோடுல ஒரு அரைப்புள்ளி விட்டுப் போனாக் கண்டுபிடிக்கறவன், அந்த இதழை ஒரு நாளும் எண்ணினதில்லை.

"அப்ப இது யாருதா இருக்கும் ஆயா? எந்த ஊரு?"

"எனக்கு எப்பிடிடா தெரியும்? எவளுதோ." கொஞ்ச நேரம் கையிலயே வெச்சிருந்துச்சு. அப்புறம், "எவ்ளோ குடுத்தே?"

பாதி விலை சொன்னேன். அதுக்கே திட்டு :-)

கவனிச்சீங்களா? இந்த விஷயத்துல உண்மையான சாட்சி ஆயா ஒருத்தங்க தான். தன்னோடதுன்னா என்ன அடையாளம்னு தெரியும், தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லவும் தெரியும். நான் பார்த்த அத்தனை "நிபுணர்"கள்லயும் "எனக்கு எப்பிடிடா தெரியும்"னு சொன்ன ஒரே ஆள்.

எங்க ஊர்ல இன்னொரு கதை உண்டு. 1863 மே 30, ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு புவியியல்காரர் பல்லாவரம் பரேடு மைதானத்துப் பக்கம் செம்மண் சரளைப் பள்ளத்துல ஒரு கல்லைப் பொறுக்கினார். பழைய கற்காலக் கைக்கோடரி. அதுல என்ன முத்திரையா இருந்துச்சு? எங்கே, எந்த மண்ணுல, என்னிக்கு எடுத்தேன்னு அவர் எழுதி வெச்சார். அதே வருஷம் அதிரம்பாக்கத்துலயும் கருவிகள் கிடைச்சது. அந்த இடம் பதிவுல இருந்ததால தான் பின்னாடி வந்தவங்க அங்கேயே தோண்டி, 2011-ல அங்க இருந்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம்னு சொல்ல முடிஞ்சது. எழுதி வெக்காம யாராவது அதைத் தார்ப்பாயில போட்டிருந்தா, "செட்டிநாட்டு அம்மிக்கல்"னு வித்திருப்பாங்க.

அதனால என் கட்சி இது தான். முத்திரை இல்லாத வெள்ளிக்கு ஊர் வெக்கறதை நிறுத்துங்க. தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுங்க. வாங்கறவங்க "எந்த ஊர்?"னு கேக்கறதுக்குப் பதிலா, "எங்கே, யார்கிட்டேருந்து வாங்கினீங்க?"ன்னு கேளுங்க. இந்தக் கேள்விக்குப் பொய் சொல்றது கொஞ்சம் கஷ்டம்.

அதைவிட முக்கியம், உங்க வீட்டுல இருக்கறதை இன்னிக்கே எழுதி வைங்க. 2025-லேருந்து வெள்ளி விலை ஏறின ஏத்தத்துல பீரோவுல இருந்த தண்டை, அரைஞாண், குங்குமச்சிமிழ் எல்லாம் எடைக்குப் போயிட்டு இருக்கு. விக்கறது உங்க இஷ்டம். விக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆயாகிட்டயோ அப்பத்தாகிட்டயோ அஞ்சு நிமிஷம் உக்காருங்க. யார் போட்டாங்க, யார் செஞ்சாங்க, எதை உருக்கினாங்க, எப்போ அடகு போச்சு, என்ன அடையாளம். நானே ஆரம்பிச்சு வெக்கறேன்:

பொருள்: ஒத்தைத் தண்டை, வெள்ளி. எடை: 136 கிராம். தரம்: உள்பக்கம் 90.8. முத்திரை: இல்லை. அடையாளம்: மொக்குக்கு ஏழு இதழ். போட்டவங்க: ஆயாவோட அம்மா, அப்புறம் ஆயா. செஞ்சது: மதுராந்தகம் பக்கம், வீட்டு வாசல்ல, ஒரு பத்தர், பேர் ஆயாவுக்கு ஞாபகமில்லை. உருக்கினது: ராஜா தலை போட்ட ரூபாய், 24, ஜோடிக்கு. ஆதாரம்: ஆயா சொன்னது. ஜோடி: 1982-ல மூழ்கிப் போச்சு.

பொருள்: ஒத்தைத் தண்டை, வெள்ளி. எடை: 129 கிராம். தரம்: உள்பக்கம் 83. முத்திரை: இல்லை. அடையாளம்: மொக்குக்கு எட்டு இதழ், பின்னாடி வெச்சது போல ஒரு திருகு. வாங்கினது: பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. செஞ்ச ஊர்: தெரியாது. போட்டவங்க: தெரியாது.

பி.கு: ரெண்டாவது தண்டையை என்ன பண்றதுன்னு யோசிச்சுட்டு இருந்தேன். ஆயா அதையும் வேட்டித் துணியில சுத்தி பீரோவுல வெச்சுடுச்சு. தேடிக்கிட்டு யாராவது வந்தா, முதல்ல இதழ் எத்தனைன்னு கேட்டுட்டுத்தான் குடுக்கணுமாம்.